முன்வாசல் வண்டி

— இதுக்குள்ள ஏறணுமா, இல்ல இதைச் சட்டை மாதிரி மாட்டிக்கணுமா டாக்டரே?

— முதல்ல பின்பக்கத்தை உள்ளே விடுங்க சம்பந்தி. அப்புறம் தலையைக் குனிங்க. கடைசியா காலை இழுத்துக்கங்க. பல்லு பிடுங்கற நாற்காலி மாதிரிதான். கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்.

— தப்பா எடுத்துக்காதீங்க. என் ஷோரூம்ல மூணு வயசுக் குழந்தைங்களுக்குன்னு ஒரு டாய்லெட் சீட் வச்சிருக்கோம். அது இதைவிட உயரம்.

— அதுல உட்கார்ந்து யாரும் மலை ஏறறது இல்லையே.

— இதுல உட்கார்ந்தும் ஏறுவோம்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கதவை எப்படிச் சாத்தறது? கைப்பிடி எங்க போச்சு?

— அந்தக் கயிறு தொங்குது பாருங்க, அதைப் பிடிச்சு இழுங்க.

— கயிறா! யோவ் செயலாளர், இங்க வந்து பாருய்யா. டாக்டர் கதவுக்கு மூக்கணாங்கயிறு போட்டிருக்கார்.

— பார்த்தேன் தலைவரே. கையை நீட்டுங்க, பொடி போடணும்.

— போடு. ரெண்டு உள்ளங்கையிலும் கெட்டியாப் போடு. டாக்டருக்கு விதியையும் ஒரு தடவை படிச்சுடு. அப்புறம் எனக்குத் தெரியாது, எனக்கு யாரும் சொல்லலைன்னு அழக் கூடாது.

— டாக்டர் சார், இது சாதாரண கேரம் போர்டு பவுடர்தான். தலைவர் ரெண்டு கையையும் தொடைமேல வச்சுக்கிட்டு உங்க பக்கத்துல உட்கார்ந்து வருவார். இங்கேர்ந்து மேல பார்வை மேடை வரைக்கும் ஏழு கொண்டை ஊசி வளைவு. ரோட்டுல போர்டு போட்டிருக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாது. மேல போய்ச் சேர்றதுக்குள்ள வண்டியில எங்கயாவது வெள்ளைக் கைத்தடம் விழுந்திருந்தா, இது ஸ்போர்ட்ஸ் கார்னு நம்ம கிளப் ஒத்துக்கும். விழலைன்னா இது வெறும் கார்.

— வெறும் கார்னுகூடச் சொல்லாதே. கார் எல்லாம் வருத்தப்படும்.

— இந்த விதியை யாருப்பா எழுதினது?

— தலைவர்தான் சார்.

— நானேதான் டாக்டரே. பெருமையாத்தான் சொல்றேன். வேகத்தை வச்சு ஆளைச் சேர்த்தா ஊர்ல இருக்கற கூரியர் வேன் எல்லாம் கிளப்புக்குள்ள வந்து நிக்கும். குதிரை சக்தியை வச்சுச் சேர்த்தா தண்ணி லாரிக்காரன் வந்து நிப்பான். பக்கத்துல உட்கார்ந்திருக்கவன் கை, அவனைக் கேக்காம எதையாவது போய்ப் பிடிக்கணும். அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். மீதியெல்லாம் சக்கரம் வச்ச சோபா.

— நல்ல விதி. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆமா, உங்க வண்டியில யார் பொடி பூசிக்கிட்டு உட்கார்ந்தா?

— நிறுவனத் தலைவர் வண்டிக்குச் சோதனை கிடையாது.

— அப்படியா செயலாளர்?

— சார், நான் முன்னால போய் மேல நிக்கறேன். வெயில் ஏறுது.

— போறான் பாருங்க, தப்பிச்சோம் பிழைச்சோம்னு. சரி, கிளம்புங்க. எனக்குப் பதினோரு மணிக்கு ஒரு ஹோட்டல்காரன் கமோடு பார்க்க வரான்.

— கிளம்பறதுக்கு முன்னால பந்தயத்தை உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க சம்பந்தி.

— அதான் சொன்னேனே.

— வீட்டு ஹால்ல சொன்னீங்க. டிவி ஓடிக்கிட்டு இருந்தது. இங்க சொல்லுங்க.

— தடம் விழுந்தா இந்தத் தகர டப்பா என் வீட்டு முன்வாசல் போர்ட்டிகோவுல, என் வண்டிக்குப் பக்கத்துல நிக்கலாம். வாட்ச்மேன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போதுமா?

— விழலைன்னா?

— விழலைன்னா இது என் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது. நீங்க வரலாம். ஆட்டோவுல வாங்க, பஸ்ல வாங்க, நடந்து வாங்க. பொண்ணைப் பெத்தவர், உங்களை நான் வேண்டாம்னு சொல்லுவேனா? இது வரக் கூடாது.

— சரி. பெல்ட்டைப் போட்டுக்கங்க.

— பெல்ட் வேறயா? எதுக்கு, வண்டி வழியில கழண்டுட்டா சீட்டோட நாம சேர்ந்து இருக்கறதுக்கா? அய்யய்யே, என்ன சத்தம் இது! சைலென்சருக்குள்ள யாரோ கொப்பளிக்கறாங்க.

— காலையில அப்படித்தான். நாலு நிமிஷத்துல தொண்டை சரியாயிடும்.

— ஹெட்லைட் ஒண்ணுதான் மூடியைத் திறந்துக்கிட்டு மேல வந்திருக்கு. இன்னொண்ணு தூங்குது. எதிர்ல வர்றவங்களைப் பார்த்து இந்த வயசுல கண்ணடிச்சுக்கிட்டு ஊர்கோலம் போறீங்களா?

— வெளிச்சமா இருக்கும்போது லைட் எதுக்கு? அணைச்சுட்டேன் பாருங்க.

— அணைச்சதும் முழிச்சிருந்தது தூங்குது, தூங்கினது முழிச்சுக்கிச்சு! டாக்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு வருஷம் ஊர் வாயைப் பார்த்துச் சம்பாதிச்சீங்க. ஓய்வு பெத்ததும் மனுஷன் ஒரு நல்ல கட்டில் வாங்குவான், மெத்தை வாங்குவான். நீங்க குடுத்த விலைக்கு என் கடையில ஒரு நல்ல ஷவர் செட்கூட வராது.

— ஷவர் இதுலயே இருக்கே. துணிக் கூரைதான். மழை பெஞ்சா உங்க பக்கம் நேரா தலையில விழும்.

— பெருமையா வேற சொல்றீங்க! இதோ பாருங்க, முட்டைத் தட்டு கட்டின மொபெட் ஒண்ணு நம்மைத் தாண்டிப் போறான். திரும்பிப் பார்த்துச் சிரிக்கறான். ஒரு முட்டைகூட ஆடலை.

— அவனுக்கு அவசரம். நமக்கு இன்னும் இன்ஜின் சூடாகலை.

— இது சூடாகறதுக்குள்ள அந்த முட்டையெல்லாம் குஞ்சு பொரிச்சு, கோழியாகி, எதிர்ல இறங்கி வந்துடும்.

— முதல் வளைவு வருது சம்பந்தி. கொஞ்சம் கூசும்.

— கூசட்டும். ... என்ன, முடிஞ்சு போச்சா? இதுதானா? என் ஷோரூம் லிஃப்ட்டு இதைவிடக் குலுக்கும். கையைப் பாருங்க, வச்ச இடத்துல இருக்கு. கோலிகுண்டு வச்சாக்கூட உருளாது.

— இது முதல் வளைவுதான்.

— நான் ஒண்ணு கேக்கறேன். எதை வச்சு இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றீங்க? வெளியே பார்த்தா சோப்பு டப்பா. உள்ளே பார்த்தா சோப்பு வச்ச ஈரம்.

— நீங்க சொல்லுங்க. எது ஸ்போர்ட்ஸ் கார்?

— வேகம்!

— அப்ப ஆம்புலன்ஸ்?

— சரி, ரெண்டு கதவு.

— உங்க வீட்டு பீரோவுக்கும் ரெண்டு கதவுதான்.

— தரையோட தரையா தாழ்ந்து இருக்கணும்.

— சாக்கடை மூடிகூட அப்படித்தான் இருக்கு.

— கூரையைத் திறக்கணும்!

— டிராக்டருக்குக் கூரையே கிடையாது. சேர்த்துக்குவீங்களா கிளப்புல?

— உங்ககிட்ட பேசறது என் தப்பு. இன்ஜின் டாக்டரே, இன்ஜின்! என் வண்டி இன்ஜின்ல பாதியில பாதி இருக்குமா இது? பொத்தானை அமுக்கினா என் வண்டி புலி மாதிரி எகிறும். என் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்து வருவா, இந்த மலை பூராவும் ஏறுவேன், கண்ணைக்கூடத் திறக்க மாட்டா. அவ்வளவு சொகுசு!

— தூங்கிடுவாங்களா?

— குறட்டை விடுவா.

— புலி எகிறும்போதா?

— அதுதான் விலை குடுத்து வாங்கின வண்டி. உங்களுக்குப் புரியாது.

— எனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளுங்க. உங்க வண்டி பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னால மரத்துப்போற ஊசி போடுது. எவ்வளவு வேகமாப் போனாலும் உங்களுக்கு உணர்ச்சியே கிடையாது. இதுல ஊசி இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

— பார்த்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. வலிக்குதுன்னா ஸ்போர்ட்ஸா? அப்ப என் முழங்கால் பெரிய ஸ்போர்ட்ஸ்மேன்.

— ரெண்டாவது வளைவு. இப்ப நான் பிரேக்கைத் தொட மாட்டேன். போர்டுல நாப்பது போட்டிருக்கு. முள்ளைப் பாருங்க, நாப்பதுதான்.

— நாப்பதுல எவன் பயப்படுவான்? என் வண்டி நாப்பதுல பார்க்கிங்ல நிக்கற மாதிரி... ஏன், ஏன் நேராப் போறீங்க? பாறை வருது. திருப்புங்க. திருப்புங்கன்னா! ... ஓவர்ஹெட் ஷவர், ஹேண்ட் ஷவர், ஆங்கிள் காக், பில்லர் காக், ரெண்டு இன்ச் டீ...

— என்ன சம்பந்தி, ஸ்டாக் எடுக்கறீங்க?

— ஹோட்டல்காரனுக்கு என்ன காட்டறதுன்னு யோசிச்சேன்.

— கண்ணை மூடிக்கிட்டா?

— தூசி. உங்க வண்டி ஜன்னல் ஏற மாட்டேங்குது. ஆனா கையைப் பார்த்துக்கங்க, அசையலை. கல்லு மாதிரி இருக்கு.

— கல்லுதான். தொடைத்துணியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

— பேன்ட் என்னுது. விதியில பேன்ட் வராது.

— வராது, வராது. நல்லாப் பிடிச்சுக்கங்க.

— ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லுங்க. இந்த முன்வாசல்ல அப்படி என்ன இருக்கு உங்களுக்கு? வருஷத்துக்கு நாலு தடவை பொண்ணைப் பார்க்க வரீங்க. ஒரு காப்பி குடிக்கறீங்க. வண்டி முன்னால நின்னா என்ன, பின்னால நின்னா என்ன?

— பின்னால எங்க நிறுத்தச் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— ஜெனரேட்டர் பக்கம்.

— ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவுல. சொல்லும்போது நீங்க வாட்ச்மேனைப் பார்த்து மூக்கைப் பிடிச்சுக் காட்டினீங்க. அவன் சிரிச்சான். பால்கனியில என் பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா. உங்க வீட்டம்மாவும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேர் முகமும் சுண்டிப் போச்சு.

— என் சம்சாரம் முகம் கல்யாணத்தன்னிக்கே அப்படித்தான் இருந்தது. ஆல்பம் காட்டறேன்.

— நீங்க மூக்கைப் பிடிச்சுக் காட்டினது வண்டியை மட்டும்தான்னு யாராவது நினைப்பாங்களா சம்பந்தி?

— நான் என்ன உங்களையா சொன்னேன்? கிரானைட் போட்ட போர்ட்டிகோ டாக்டரே. போன வருஷம்தான் பாலிஷ் போட்டேன். இது நிக்கற இடத்துல ஆயில் சொட்டுது. பெரிய மனுஷங்க வந்து போற வீடு. என் வண்டி பக்கத்துல இதைப் பார்த்தா, வேலைக்காரி இதுலதான் வருவாளான்னு கேப்பாங்க.

— அடியில ஒரு தட்டு வச்சுக்கலாம்.

— வேலைக்காரிகூட இதுக்கு அடியில தட்டு வைக்கக் கூச்சப்படுவா. மூணாவது வளைவு எப்ப வந்தது?

— இப்பத்தான் தாண்டினோம். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க.

— அதானே! ஒண்ணுமே தெரியலையே! இதுதான் உங்க ஸ்போர்ட்ஸா? என் கையைப் பாருங்க, பொடி ஒரு துகள் உதிரலை. டாக்டரே, தோல்வியை மரியாதையா ஒத்துக்கங்க. ஓரமா நிறுத்தினீங்கன்னா செயலாளரைக் கூப்பிட்டு அவன் வண்டியில போயிடலாம். என் முதுகாவது மிச்சமாகும்.

— மூணாவது வளைவு தாராளமான வளைவு சம்பந்தி. அதுல யாரும் பிடிக்க மாட்டாங்க. நாலாவதுல பாருங்க, சாலை வெளிப்பக்கமா சரிஞ்சு இருக்கும். வண்டியோட பின்பக்கம் கொஞ்சம் தனியாப் போகப் பார்க்கும்.

— தனியாவா? எங்கே போகும்?

— பக்கத்துல எட்டிப் பார்க்கும். நான் கூப்பிட்டா வந்துடும். கொஞ்சம் கூசும்.

— நிறுத்துங்க! அந்த வார்த்தையை முதல்ல நிறுத்துங்க! உங்ககிட்ட வைத்தியம் பார்த்தவன் எல்லாம் பல்லுக்காக அழுதிருக்க மாட்டான், இந்த ‘கொஞ்சம் கூசும்’ கேட்டு அழுதிருப்பான். ... அய்யோ! பின்னால யாரோ இழுக்கறாங்க! யாரோ பின்னால இருக்காங்க டாக்டரே! வால் காக், டிஷ் வாஷர் காக், பிளஷ் டேங்க், பிளஷ் டேங்க், பிளஷ் டேங்க்...

— ஒரே சாமானை மூணு தடவை எண்ணறீங்க.

— ஸ்டாக் நிறைய இருக்கு.

— வியர்க்குது சம்பந்தி.

— ஏசி இல்லாத வண்டியில வியர்க்காம பனியா கொட்டும்? கை எங்க இருக்கு சொல்லுங்க?

— தொடைமேல.

— சத்தமாச் சொல்லுங்க.

— தொடைமேலதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கு.

— அது பக்தி.

— இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்களே, உங்களை மெச்சித்தான் ஆகணும். வாழ்நாள் பூரா எல்லாரையும் வாயைத் திறங்கன்னு சொன்னவன் நான். உங்களைத்தான் முதல் தடவையா மூடுங்கன்னு சொல்லணும்போல இருக்கு.

— மூடறேன். மேல போய் ஒரே ஒரு வார்த்தைக்குத் திறக்கறேன். ஃபெயில். அதைக் கேட்டுட்டு நீங்க இந்தச் சோப்பு டப்பாவை எங்க வேணா கரைச்சுக்கங்க. என் தெருவுல மட்டும்... எதிர்ல பஸ் வருது.

— பார்த்துட்டேன்.

— முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டு வரான். வளைவுல வரான். பிரேக் போடுங்க.

— இப்பப் போட்டா பின்பக்கம் எட்டிப் பார்க்கும். உள்பக்கம் இடம் இருக்கு. இது சின்ன வண்டி.

— எங்க இடம் இருக்கு? இல்லை, இடமே இல்லை. பஸ் டயர் என் தலைக்கு மேல இருக்கு டாக்டரே! டயர்ல எழுதியிருக்கறதைப் படிக்க முடியுது! அம்மா!

— ... முடிஞ்சுது. அஞ்சாவது வளைவு. மூச்சு விடுங்க.

— விட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— விடலை. முகம் நீலமா இருக்கு. ம், இப்ப விடறீங்க. அது என்ன சம்பந்தி?

— எது?

— அங்க, டேஷ்போர்டுல. கறுப்புல வெள்ளையா.

— தூசி. உங்க வண்டியில எல்லா இடத்துலயும்தான் தூசி.

— தூசிக்கு அஞ்சு விரல் இருக்கு. மோதிர விரல்ல மோதிரம்கூட இருக்கு. உங்க மோதிரம்.

— முன்னாலேயே இருந்திருக்கும்.

— முழங்கையால தேய்க்காதீங்க, பரவுது.

— நான் எங்க தேய்ச்சேன்? வண்டி ஆடுது, கை படுது.

— இப்ப இடது கையை வச்சுத் துடைச்சீங்களே, அதுவும் பதிஞ்சுபோச்சு. ரெண்டாச்சு.

— டாக்டரே. பெரிய மனுஷனுக்குப் பெரிய மனுஷன் பேசுவோம். நான் பயந்தது பஸ்ஸுக்கு. வண்டிக்கு இல்ல. பஸ்காரன் மேல கேஸ் போடுங்க, அவனை ஸ்போர்ட்ஸ் பஸ்னு வேணா கிளப்புல சேர்த்துக்கறேன்.

— உங்க வண்டியில இருந்திருந்தா இதே பஸ்ஸுக்குப் பயந்திருப்பீங்களா?

— பஸ் வந்ததே தெரிஞ்சிருக்காது.

— அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

— வாதம் பண்ணாதீங்க. சரி, ஒரு ஏற்பாட்டுக்கு வருவோம். நான் பாஸ்னு சொல்லிடறேன். கிளப் ஸ்டிக்கர் தரேன். முன் கண்ணாடியில ஒட்டிக்கங்க, நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிக்கங்க. வருஷாந்தர ஊர்வலத்துல என் வண்டிக்கு நேர் பின்னால விடறேன். போர்ட்டிகோவை மட்டும் விட்டுடுங்க.

— ஸ்டிக்கரை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு போர்ட்டிகோதான் வேணும்.

— ஏன்யா இப்படி அடம் பிடிக்கறீங்க? ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு ஷெட் போட்டுத் தரேன். தகரம் இல்ல, ஃபைபர். குப்பைத் தொட்டியைத் தள்ளி வைக்கச் சொல்றேன்.

— முன்வாசல்.

— என் சம்சாரம் ஒத்துக்க மாட்டா. கிரானைட்டை அவதான் பார்த்துப் பார்த்து வாங்கினா.

— அவங்களைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க.

— விதியை மாத்திடுவேன். நான்தான் தலைவர். இன்னிக்கே கூட்டம் போட்டு மாத்திடுவேன்.

— போடுங்க. எதுக்கு மாத்தறீங்கன்னு செயலாளர் கேப்பான். நீங்க ‘அம்மா’ன்னு கத்தினதைச் சொல்லாம எப்படிச் சொல்வீங்கன்னு எனக்கும் பார்க்க ஆசைதான்.

— ... ஆறாவது வளைவு வருதா?

— வருது.

— அப்ப நான் பிடிச்சுக்கறேன். பிடிச்சதுதான் பிடிச்சாச்சு, இனி என்ன மானம். எதைப் பிடிக்கறது? எல்லாத்தையும்தான் உடைச்சு வச்சிருக்கீங்களே!

— கயிறைப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சுட்டேன். ம். விடுங்க பார்ப்போம். ... என்ன இது?

— என்ன?

— மெதுவா எடுத்தீங்க.

— அதே நாப்பதுதான்.

— பொய். போன வளைவுல வயிறு தொண்டைக்கு வந்தது. இதுல நெஞ்சோட நின்னுபோச்சு. ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு இந்த மாதிரி வண்டியை வாங்கறீங்க? கொஞ்சம் வெளிப்பக்கமாப் போய் உள்ளே வெட்டணும். ஏழாவதுலயாவது ஒழுங்கா எடுங்க.

— தகர டப்பாவை ஒழுங்கா வேற எடுக்கணுமா?

— டப்பாதான். எவன் இல்லைன்னான்? டப்பாவுக்கு ஒரு டிரைவர் வேண்டாமா? ரெண்டாவது கியர் போடுங்க. போடுங்கன்னா! இப்பத் திருப்புங்க, இப்ப, இப்ப! ஆஹா! பின்பக்கம் எட்டிப் பார்க்குது! கூப்பிடுங்க, கூப்பிடுங்க! வந்துடுச்சு! அட சனியனே!

— சிரிக்கறீங்க சம்பந்தி.

— நான் எங்க சிரிச்சேன்? பல்லுல காத்து பட்டுது.

— மேல வந்துட்டோம். செயலாளர் நிக்கறான். இறங்குங்க. கயிறை விடுங்க முதல்ல. விரலைப் பிரிக்கட்டுமா?

— எனக்குப் பிரிக்கத் தெரியும். யோவ், கதவைத் திற. வெளியேர்ந்து இழுய்யா. மெதுவா! இடுப்பு இன்னும் உள்ளே இருக்கு.

— தலைவரே, என்ன இது! உள்ளே பூரா வெள்ளை அடிச்சு வச்சிருக்கீங்க?

— எண்ணாதே.

— டேஷ்போர்டுல ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல தேய்ச்சது ஒண்ணு. கியர் பக்கத்துல ஒண்ணு. கயிறு முழுக்க. கண்ணாடியிலகூட... தலைவரே, கூரையில எப்படி வந்தது?

— எண்ணாதேன்னு சொன்னேன்ல. முடிவை மட்டும் சொல்லு.

— முடிவை நீங்கதான் சொல்லணும். விதி அப்படித்தான் இருக்கு.

— விதி, விதி! எழுதினவன் கையை ஒடிக்கணும். சரி, கேட்டுக்கய்யா. இந்த வண்டி அழுகல். இன்ஜின் கொப்பளிக்குது, கூரை ஒழுகுது, கண்ணு ரெண்டும் மாறி மாறித் தூங்குது. இதை வாங்கினவருக்கு மூளை கிடையாது. ஆனா ஸ்போர்ட்ஸ் கார். எழுதிக்கோ.

— வாழ்த்துக்கள் டாக்டர் சார்!

— நன்றிப்பா. முன்வாசல் சம்பந்தி?

— நிறுத்துங்க, நிறுத்துங்க. வாக்கு குடுத்தாச்சு. வருஷத்துக்கு நாலு தடவை கண்ணை மூடிக்கறேன்.

— நாலு தடவை இல்ல. தினமும் நிக்கும்.

— தினமுமா? என்ன, வீட்டோட வந்துடப் போறீங்களா?

— நான் பஸ்ல திரும்பிப் போயிடுவேன். வண்டியை உங்க வீட்டுல நிறுத்திட்டு, சாவியைக் குடுத்துட்டுப் போகணும்.

— யார்கிட்ட? உங்க பொண்ணுகிட்டயா? அந்தப் பொண்ணுக்கு ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே குமட்டும்! என் பையனா? அவன் சைக்கிளையே தள்ளிக்கிட்டுப் போறவன். யாருக்கு டாக்டரே?

— ஒரு நிமிஷம், போன் அடிக்குது. உங்க வீட்டம்மாதான். ஸ்பீக்கர்ல போடறேன்.

— என் பொண்டாட்டி உங்க போனுக்கு எதுக்குக் கூப்பிடறா?

— அண்ணா, என்ன ஆச்சு? பிடிச்சாரா?

— பிடிச்சார்மா. அஞ்சாவது வளைவுல.

— ஏய், உனக்கு இதுல என்ன வேலை? போனை வை!

— அஞ்சாவதுலயா! அவ்வளவு தூரம் விட்டுட்டீங்களா அண்ணா? ரெண்டாவதுல உள்பக்கமா ஒட்டிப் போகச் சொல்லி எத்தனை தடவை பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுத்தேன்! சரி, போகட்டும். அவரைச் செயலாளர் கார்ல ஏத்தி அனுப்பிட்டு, உள்ளே இருக்கற பவுடரையெல்லாம் நல்லாத் துடைச்சு எடுத்துட்டு வாங்க. என் வண்டியில இன்னொருத்தர் கை பட்டா எனக்குப் பிடிக்காது.